8,660 டாலர் இடைவெளி: வெட் டெக் படிப்புக்கு எவ்வளவு செலவழிக்கலாம்?

அமெரிக்காவில் நாய்க்கும் பூனைக்கும் வைத்தியம் பார்க்கும் எந்த மருத்துவமனைக்குள் போனாலும், மருத்துவரைத் தவிர இரண்டு வகை ஆட்கள் ஒரே மாதிரிச் சீருடையில் ஓடிக்கொண்டிருப்பார்கள். ஒருவர் வெட்டரினரி அசிஸ்டென்ட். மற்றவர் வெட்டரினரி டெக்னீஷியன், பேச்சுவழக்கில் வெட் டெக். நாயைக் கூட்டிவந்தவருக்கு இருவருக்கும் வித்தியாசம் தெரியாது. சம்பளச் சீட்டில் தெரியும். அந்நாட்டுத் தொழிலாளர் புள்ளிவிவரத் துறையின் 2024 மே மாதக் கணக்குப்படி, டெக்னீஷியனின் ஆண்டுச் சம்பளம் 45,980 டாலர். அசிஸ்டென்டின் சம்பளம் 37,320 டாலர். இரண்டுமே இடைநிலை எண்கள். அந்த வேலையில் இருப்பவர்களையெல்லாம் சம்பள வரிசையில் நிறுத்தினால் நட்டநடுவில் நிற்பவர் வாங்குவது அவ்வளவு.

வித்தியாசம் 8,660 டாலர். மணிக்கு நாலு டாலர் சொச்சம். அசிஸ்டென்ட் வேலைக்குப் பள்ளிப் படிப்பு போதும். மற்றதை வேலையிலேயே கற்றுக்கொள்ளலாம். டெக்னீஷியன் ஆக இரண்டு வருடக் கல்லூரிப் படிப்பும் ஒரு தேசியத் தேர்வும் வேண்டும். ஆகவே படிப்பில் போடும் ஒவ்வொரு டாலரும் திரும்பி வரவேண்டியது முழுச் சம்பளமான 45,980-இலிருந்து அல்ல, இந்த இடைவெளியிலிருந்துதான். கல்லூரிகளின் விளம்பரத் தாள்கள் முழுச் சம்பளத்தைப் பெரிய எழுத்தில் போடும். படிக்க நினைப்பவர் இடைவெளியை மட்டும் பார்க்கவேண்டும். இந்த அத்தியாயத்தின் கணக்குகள் எல்லாம் அதை வைத்துத்தான்.

கணக்குக்கு முன்னால், இந்தச் சம்பளம் எந்த வேலைக்கு என்று பார்த்துவிடுவது நல்லது. ஒரு கிழட்டு நாய்க்குப் பல் சுத்தம் செய்யவேண்டும் என்று வைத்துக்கொள்வோம். நாய்க்கு வாயைத் திறந்து வைத்துக்கொள்ளத் தெரியாது. முழு மயக்கம் கொடுத்தே ஆகவேண்டும். டெக்னீஷியன் முன்னங்காலில் ஒரு பட்டை முடியை மழித்து, நரம்பில் ஊசிக்குழாய் ஏற்றி, மயக்க மருந்து செலுத்தி, மூச்சுக்குழாய்க்குள் குழாயை இறக்குகிறார். பிறகு ஐசோஃப்ளூரேன் வாயு. இதயத் துடிப்பு, ரத்த அழுத்தம், ரத்தத்தில் ஆக்சிஜன், வெளிமூச்சில் கார்பன் டை ஆக்சைடு, உடல் வெப்பம் எல்லாவற்றையும் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தாளில் குறித்துக்கொண்டே போகவேண்டும். அழுத்தம் இறங்கினால் மருத்துவரைக் கூப்பிடும் முன்பே வாயுவின் அளவைக் குறைக்கக் கை போகவேண்டும். பல் எக்ஸ்-ரே எடுப்பவரும் அவர்தான், காறை சுரண்டுபவரும் அவர்தான், நாய் கண் விழிக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரும் அவர்தான். நோய் இன்னதென்று சொல்வது, மருந்து எழுதுவது, அறுவை செய்வது ஆகியவை மருத்துவரின் உரிமை. மற்ற பெரும்பாலானவை டெக்னீஷியன் கைகளில் நடக்கின்றன. மனித மருத்துவமனையில் நர்ஸ், லேப் ஆள், எக்ஸ்-ரே ஆள், மயக்க மருந்து உதவியாளர் என்று நாலைந்து பேர் பிரித்துக்கொள்ளும் வேலை இது.

இந்தப் படிப்பு அமெரிக்காவில் முறையாகத் தொடங்கியது 1961-இல், நியூயார்க் மாநிலத்தின் டெல்ஹி என்ற சிற்றூரில் உள்ள அரசுக் கல்லூரியில். இன்று அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கமான ஏ.வி.எம்.ஏ. அங்கீகரித்த படிப்புகள் இருநூறுக்கு மேல் இருக்கின்றன. இரண்டு வருட அசோசியேட் பட்டம் பெற்றவர் டெக்னீஷியன். நாலு வருடப் பட்டம் பெற்றவர் டெக்னாலஜிஸ்ட். படிப்பு முடிந்ததும் வி.டி.என்.இ. என்ற தேசியத் தேர்வு: மூன்று மணி நேரம், 170 கேள்விகள், அவற்றில் 150-க்குத்தான் மதிப்பெண். அதற்கான கட்டணமே முன்னூறு டாலருக்கு மேல். அதன் பின் மாநிலப் பதிவு.

இனி செலவு. மிக மலிவான வழி சமூகக் கல்லூரி, அதாவது வட்டார மக்களுக்காக வரிப்பணத்தில் நடக்கும் கம்யூனிட்டி காலேஜ். 2024-25 கல்வியாண்டில் அந்த வட்டாரத்துக்காரருக்கு இங்கே சராசரி வருடக் கட்டணம் 4,050 டாலர் என்கிறது காலேஜ் போர்டு. கலிஃபோர்னியாவில் இன்னும் மலிவு, ஒரு யூனிட்டுக்கு 46 டாலர். வருமானம் குறைந்த குடும்பத்து மாணவருக்குக் கிடைக்கும் பெல் கிராண்ட் என்ற திருப்பித் தரவேண்டாத அரசு உதவி அதே ஆண்டில் 7,395 டாலர் வரை போனது. முழு உதவியும் கிடைப்பவருக்குக் கட்டணம் போக மிச்சமே இருக்கும்.

அதே பட்டத்துக்கு லாப நோக்கில் நடக்கும் தனியார் கல்லூரிகளில் முப்பதாயிரம் டாலரைத் தாண்டிவிடும். எழுதப்போகும் தேர்வு ஒன்றே, வாங்கப்போகும் சான்றும் ஒன்றே. தனியார் கல்லூரியில் உடனே இடம் கிடைக்கும், சமூகக் கல்லூரியில் ஒரு வருடம் காத்திருக்க நேரலாம் என்பது உண்மைதான். ஆனால் அந்த ஒரு வருடத்தை ஓர் அசிஸ்டென்டாக வேலை பார்த்துக் கழித்தால் சம்பளமும் வரும், இந்தத் தொழில் தனக்கு ஒத்துவருமா என்பதும் தெரிந்துபோகும். காத்திருப்பவருக்கு நஷ்டமில்லை.

தனியார் கல்லூரியில் இன்னொரு ஆபத்தும் உண்டு. 2018 டிசம்பரில் எஜுகேஷன் கார்ப்பரேஷன் ஆஃப் அமெரிக்கா என்ற நிறுவனம் தன் பிரைட்வுட் காலேஜ், வர்ஜீனியா காலேஜ் முதலிய பெயர்களில் நாடெங்கும் இருந்த எழுபதுக்கும் மேற்பட்ட வளாகங்களைத் திடுதிப்பென்று இழுத்து மூடியது. அங்கே வெட் டெக் படித்துக்கொண்டிருந்தவர்களும் பாதிப் படிப்போடு தெருவுக்கு வந்தார்கள். கல்லூரி மூடினால் அரசுக் கல்விக்கடனைத் தள்ளுபடி கேட்க வழியிருக்கிறது. போன காலத்தைக் கேட்க வழியில்லை.

கட்டணப் பட்டியலில் வராத செலவுகளையும் எழுதிக்கொள்ளவேண்டும். புத்தகங்கள், சீருடை, ஸ்டெதஸ்கோப், பயிற்சி மருத்துவமனைக்குப் போய்வரும் பெட்ரோல் எல்லாம் எதிர்பார்த்தவையே. எதிர்பாராதது வெறிநாய்க்கடித் தடுப்பூசி. கடிபடும் முன்பே போட்டுக்கொள்ளும் இந்த ஊசியைப் பல கல்லூரிகள் கட்டாயமாக்குகின்றன. 2022-இல் மூன்று ஊசி என்றிருந்ததை இரண்டாகக் குறைத்தார்கள் என்றாலும், அமெரிக்காவில் ஒவ்வொன்றும் பல நூறு டாலர். காப்பீடு இதற்குப் பணம் தருமா என்று சேரும் முன்பே கேட்டுவிடுவது பெரிய மிச்சம். தேர்வுக் கட்டணம், மாநிலப் பதிவு, பிற்பாடு பதிவைப் புதுப்பிக்க எடுக்கவேண்டிய தொடர் வகுப்புகள் (கலிஃபோர்னியாவில் இரண்டு வருடத்துக்கு 20 மணி நேரம்) ஆகியவற்றையும் கூட்டினால், சமூகக் கல்லூரி வழியின் மொத்தம் பதினோராயிரம் டாலர் அளவில் வந்து நிற்கும்.

ஆனால் எல்லாவற்றையும்விடப் பெரிய செலவுக்கு யாரும் பில் போட்டுத் தருவதில்லை. அது வேலையை விடுவது. அசிஸ்டென்ட் ஒருவர் முழுநேரம் படிக்கவென்று இரண்டு வருடம் வேலையை விட்டால், அவர் இழப்பது 74,640 டாலர் சம்பளம். எந்தக் கல்லூரிக் கட்டணமும் இதன் பக்கத்தில் வராது. ஏற்கெனவே மருத்துவமனையில் வேலையில் இருப்பவர் எந்தக் கல்லூரி மலிவு என்று தேடுவதற்கு முன்னால், வேலையை விடாமல் எப்படிப் படிப்பது என்று தேடவேண்டும்.

அதற்கு வழி இருக்கிறது. ஏ.வி.எம்.ஏ. அங்கீகாரம் பெற்ற தொலைதூரப் படிப்புகள் பல. பர்டியூ பல்கலைக்கழகம், நியூ மெக்சிகோவின் சான் வான் காலேஜ், ஃப்ளோரிடாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் காலேஜ், பென் ஃபாஸ்டர் ஆகியவை பரவலாக அறியப்பட்டவை. பாடம் இரவில் வீட்டில். செய்முறை பகலில் வேலை பார்க்கும் மருத்துவமனையில். ஆனால் இது சும்மா கேள்வி பதில் எழுதி வாங்கும் பட்டம் அல்ல. செய்யவேண்டிய கைவேலைகளின் நீண்ட பட்டியல் ஒன்று இருக்கிறது. பூனையின் கழுத்து நரம்பில் ரத்தம் எடுப்பதிலிருந்து குதிரை, மாடு, பறவை, ஆய்வகச் சுண்டெலி வரை அதில் உண்டு. செய்ததற்கு அத்தாட்சியாக வீடியோ எடுத்து அனுப்பச் சொல்வார்கள். நாயின் முன்னங்கால் நரம்பில் ஊசி இறங்குவதும், குழாய்க்குள் ரத்தம் எட்டிப்பார்ப்பதும், பிளாஸ்திரி ஒட்டுவதும் ஒரே ஓட்டத்தில் கேமராவில் தெரியவேண்டும். அதற்கு ஒருவர் நாயைப் பிடிக்கவேண்டும், ஒருவர் போனைப் பிடிக்கவேண்டும், மேற்பார்வைக்கு மருத்துவரோ சான்று பெற்ற டெக்னீஷியனோ நிற்கவேண்டும். நாற்பது நோயாளிகள் வரிசையில் காத்திருக்கும் நாளில் இது எளிதல்ல. மருத்துவமனை முழு மனதோடு ஒத்துக்கொள்ளாவிட்டால் இந்தப் படிப்பு மூன்று, நாலு வருடம் என்று இழுத்துக்கொண்டு போகும். ஆகவே பணம் கட்டும் முன் மேலாளரிடம் செய்முறைப் பட்டியலைக் காட்டி, வாரத்தில் எந்த நேரம் தருவார்கள் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளவேண்டும். ஒவ்வொரு கல்லூரியும் தன் மாணவர்கள் தேசியத் தேர்வில் எத்தனை சதவீதம் தேறினார்கள் என்ற மூன்று வருடக் கணக்கை வெளியிடவேண்டும் என்பது அங்கீகார விதி. அதையும் பார்க்காமல் சேரக்கூடாது.

இப்போது எல்லாவற்றையும் ஒரே தாளில் போட்டுப் பார்க்கலாம். 8,660 டாலர் இடைவெளியில் வரிப் பிடித்தம் போகக் கையில் நிற்பது சுமார் 6,900, மாதத்துக்கு 575. வேலையை விடாமல் பதினோராயிரம் செலவில் படித்தவருக்கு அந்தப் பணம் ஒன்றரை வருடத்துக்குச் சற்று மேலானால் திரும்பிவிடும். வேலையை விடாமலே 35,000 செலவழித்தவருக்கு ஐந்து வருடம். வேலையையும் விட்டு 35,000-மும் செலவழித்தவர், போன சம்பளத்தையும் வரி போகக் கணக்கிட்டுச் சேர்த்துப் பார்த்தால், சுமார் பதினாலு வருடம் காத்திருக்கவேண்டும். மூவரும் ஒரே மேசையில் ஒரே நாய்க்கு மயக்கம் கொடுத்துக்கொண்டிருப்பார்கள்.

கடன் என்றால் வட்டியும் சேரும். பெற்றோரைச் சாராத மாணவர் முதல் இரண்டு வருடத்தில் அரசிடம் நேரடியாக வாங்கக்கூடிய கல்விக்கடனின் உச்சவரம்பு 9,500-ம் 10,500-மாக மொத்தம் 20,000 டாலர். 2024-25-இன் வட்டி 6.53 சதவீதம். பத்து வருடத் தவணையில் மாதம் 227 டாலர். கட்டி முடிக்கும்போது 27,000-ஐத் தாண்டியிருக்கும். படிப்பால் கூடிய மாதம் 575-இல் ஐந்தில் இரண்டு பங்கு தவணைக்கே போகிறது. இருபதாயிரத்துக்கு மேல் தேவைப்படும் கல்லூரி என்றால் மிச்சத்துக்குத் தனியார் கடன் வாங்கவேண்டிவரும். அந்த இடத்தில் நின்றுவிடவேண்டும் என்பதே இந்நூலின் துணிபு. தொழில் பிடிக்கும், விலங்குகள் உயிர் என்பவருக்கும் இதே வார்த்தைதான். கடனைக் கட்டமுடியாமல் நாலாம் வருடம் தொழிலையே விட்டுப் போகிறவர்களால் எந்த விலங்குக்கும் நன்மையில்லை.

இந்தக் கணக்கு முழுக்க 8,660 என்ற ஒரு எண்ணின் மேல் நிற்கிறது. அது நாடு முழுவதற்குமான நடுப்புள்ளி. குறிப்பிட்ட ஊரில், குறிப்பிட்ட மருத்துவமனையில் அந்த இடைவெளி எவ்வளவு என்பதுதான் படிக்கப்போகிறவரின் உண்மையான எண். சான்று வாங்கிவந்த டெக்னீஷியனுக்கு மணிக்கு ஒன்றரை டாலர் மட்டும் கூட்டித் தரும் இடத்தில் வருட உயர்வு 3,120 டாலர்தான். கையில் வருவது 2,500 என்று கொண்டால், பதினோராயிரத்தை எடுக்கவே நாலரை வருடம் ஆகும். 35,000-ஐ எடுக்கப் பதினாலு வருடம்.

இந்த இடைவெளியை அதிகம் தீர்மானிப்பது மாநிலச் சட்டம். பட்டப்பெயரே மாநிலத்துக்கு மாநிலம் மாறுகிறது: கலிஃபோர்னியாவில் ஆர்.வி.டி., நியூயார்க்கில் எல்.வி.டி., பென்சில்வேனியாவில் சி.வி.டி. பெயர் எதுவானாலும் பரவாயில்லை. சான்று இல்லாதவர் செய்யக்கூடாத வேலை என்று சட்டம் எதையாவது ஒதுக்கியிருக்கிறதா என்பதே கேள்வி. கலிஃபோர்னியாவில் மயக்கத்தைத் தொடங்குவது, தோலில் தையல் போடுவது, பல் பிடுங்குவது, மாவுக்கட்டுப் போடுவது ஆகியவற்றை மருத்துவரின் மேற்பார்வையில் ஆர்.வி.டி. செய்யலாம், அசிஸ்டென்ட் செய்யக்கூடாது. அங்கே சான்று பெற்றவர் இல்லாமல் மருத்துவமனைக்கு வேலை ஓடாது. பேரம் பேசக் கையில் பிடி இருக்கிறது. சான்று வாங்குவதும் வாங்காததும் அவரவர் விருப்பம் என்று விட்டுவிட்ட மாநிலங்களில், பத்து வருட அனுபவமுள்ள அசிஸ்டென்டும் புதிதாகச் சான்று வாங்கியவரும் ஒரே வேலையைச் செய்கிறார்கள். முதலாளிக்கு அதிகம் கொடுக்க அவசியமில்லை. கலிஃபோர்னியாவில் இன்னொரு சலுகையும் உண்டு: கல்லூரிப் பட்டம் இல்லாமலே, 4,416 மணி நேரச் செய்முறை அனுபவமும் 300 மணி நேரப் பாடமும் முடித்தவர் தேர்வு எழுதலாம். பட்டத்துக்குப் பணம் கட்டும் முன் தன் மாநிலத்தில் அப்படி ஒரு வழி இருக்கிறதா என்று தேடிப்பார்ப்பது ஒரு மாலை நேர வேலை.

மருத்துவமனையில் நேரடியாகவே கேட்கலாம்: சான்று வாங்கிவந்தால் மணிக்கு எவ்வளவு கூடும்? கடைசியாகச் சான்று வாங்கிய ஊழியருக்கு எவ்வளவு கூட்டினீர்கள்? முதல் கேள்விக்கு வாக்குறுதி கிடைக்கும், இரண்டாவதற்கு எண் கிடைக்கும். கேட்கக் கூச்சப்படவேண்டியதில்லை. 2007-ஆம் ஆண்டுத் தகவல்களைக் கொண்டு ஏ.வி.எம்.ஏ.வின் இதழில் வெளிவந்த ஆய்வு, மருத்துவர் ஒருவருக்குக் கூடுதலாக ஒரு சான்று பெற்ற டெக்னீஷியன் இருக்கும் மருத்துவமனையின் மொத்த வருமானம் 93,311 டாலர் அதிகமாக இருந்ததாகக் கண்டது. பழைய கணக்குதான். ஆனாலும் சம்பளம் பேச உட்காரும் டெக்னீஷியன் மனதில் வைத்திருக்கவேண்டிய எண்.

பக்கத்துத் துறையையும் ஒருமுறை எட்டிப் பார்க்காமல் முடிவெடுப்பது சரியல்ல. மனிதர்களுக்கான எல்.பி.என். நர்ஸ் படிப்பு பெரும்பாலும் ஒரு வருடம். 2024 மே கணக்கில் சம்பளம் 62,340 டாலர். பதிவுபெற்ற நர்ஸுக்கு 93,600. திறமையில் வெட் டெக் ஒரு படியும் தாழ்ந்தவர் அல்ல. நோயாளி வாய் திறந்து சொல்லமாட்டான் என்பதால் சிரமம் கூடுதல் என்றே சொல்லலாம். பணம் வரும் வழிதான் வேறு. மனித மருத்துவத்தில் காப்பீடும் அரசும் பில் கட்டுகின்றன. விலங்கு மருத்துவத்தில் நாய் வளர்ப்பவர் சொந்தப் பையிலிருந்து எடுத்துத் தருகிறார். இந்தக் கட்டமைப்பு மாறாதவரை சம்பளத்துக்கு ஒரு கூரை இருந்துகொண்டே இருக்கும். கடி, பிறாண்டல், நாயைத் தூக்கித் தூக்கி வரும் முதுகுவலி என்று காயப்படும் விகிதம் மிக அதிகமுள்ள தொழில்களில் இதுவும் ஒன்று. ஒரே ஷிப்டில் மூன்று விலங்குகளைக் கருணைக்கொலை செய்யக் கைகொடுத்துவிட்டு வீட்டுக்குப் போகும் மாலைகளும் இதில் உண்டு. இதையெல்லாம் தெரிந்துகொண்டு வருகிறவர்தான் நிலைக்கிறார்.

கூரைக்குக் கீழேயே மேலே ஏறச் சில படிகள் இருக்கின்றன. இரவுநேர அவசர சிகிச்சை மருத்துவமனைகளும், இதயம், புற்றுநோய் போன்ற சிறப்பு சிகிச்சை மையங்களும் சாதாரண மருத்துவமனையைவிட அதிகம் தருகின்றன. பல வருட அனுபவத்தோடு மயக்கவியல், பல் மருத்துவம், அவசர சிகிச்சை போன்ற துறைகளில் வி.டி.எஸ். என்ற சிறப்புத் தகுதி பெறலாம். பல்கலைக்கழக மருத்துவமனைகள், மருந்து ஆய்வகங்கள், செல்லப்பிராணிக் காப்பீட்டு நிறுவனங்கள், பரிசோதனைக் கருவி நிறுவனங்கள் ஆகியவையும் வெட் டெக்குகளைத் தேடி எடுக்கின்றன. அரசுப் பல்கலைக்கழகத்திலோ லாப நோக்கற்ற விலங்குக் காப்பகத்திலோ முழுநேரம் வேலை பார்ப்பவருக்கு ஒரு கூடுதல் பயன்: 120 மாதத் தவணை ஒழுங்காகக் கட்டினால் மிச்ச அரசுக் கடன் தள்ளுபடியாகும் திட்டத்தில் அவர் வருகிறார்.

முதலாளியே படிக்கவைப்பதும் உண்டு. அமெரிக்காவின் பல பெரிய மருத்துவமனைச் சங்கிலிகள் இன்று சில கைகளில் சேர்ந்திருக்கின்றன. பேன்ஃபீல்ட், புளூபேர்ல், 2017-இல் 910 கோடி டாலருக்கு வாங்கிய வி.சி.ஏ. எல்லாம் மிட்டாய்க்குப் பெயர்போன மார்ஸ் நிறுவனத்தின் உடைமை. இத்தகைய குழுமங்களில் படிப்புச் செலவை ஏற்கும் திட்டம் கேட்டால் கிடைக்க வாய்ப்பிருக்கிறது. கையெழுத்திடும் முன் ஒரு பத்தியை மட்டும் இரண்டு முறை படிக்கவேண்டும்: படிப்பு முடிந்தபின் எத்தனை காலம் அங்கேயே வேலை பார்க்கவேண்டும், நடுவில் விலகினால் எவ்வளவு திருப்பித் தரவேண்டும் என்று சொல்லும் பத்தி. பிடித்த காலம் முழுக்கச் சம்பள உயர்வு இல்லாமல் போனால் இலவசப் படிப்பு இலவசமாகாது.

தமிழ்நாட்டிலிருந்து இதைப் படிக்க அமெரிக்கா போகலாமா என்று யோசிப்பவர்களுக்கு நேரான பதில்: வேண்டாம். வெளிநாட்டு மாணவருக்குச் சமூகக் கல்லூரியின் வட்டாரக் கட்டணம் கிடையாது, பெல் கிராண்ட் கிடையாது, அரசுக் கடனும் கிடையாது. படித்தபின் ஒரு வருடம் வேலை அனுமதி கிடைக்கலாம். அதற்குமேல் ஹெச்-1பி விசாவுக்கு, குறைந்தது நாலு வருடப் பட்டம் கட்டாயமான வேலையாக இருக்கவேண்டும். இரண்டு வருடப் பட்டத்தில் கிடைக்கும் டெக்னீஷியன் வேலை அந்த வரையறைக்குள் வராது. சென்னை, நாமக்கல் போன்ற ஊர்களில் கால்நடை மருத்துவப் பட்டம் முடித்துவிட்டு, கணவர் அல்லது மனைவியின் வேலையால் அங்கே குடியேறியவர்களின் நிலை வேறு. அவர்கள் முதலில் ஈ.சி.எஃப்.வி.ஜி. என்ற தகுதித் தேர்வு வரிசையைப் பார்க்கவேண்டும், ஏனென்றால் அது முடிந்தால் கிடைக்கும் மருத்துவர் வேலையின் சம்பளம் 2024 கணக்கில் 125,510 டாலர். வேலை செய்ய அனுமதி உள்ளவர்கள் அந்த வரிசை முடியும்வரை ஒரு மருத்துவமனையில் அசிஸ்டென்டாகச் சேரலாம். வெளிநாட்டுக் கால்நடை மருத்துவப் பட்டதாரிகளை டெக்னீஷியன் தேர்வு எழுத அனுமதிக்கும் மாநிலங்களும் உண்டு. தங்கள் மாநில வாரியத்திடம் அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல், இரண்டு வருட வெட் டெக் படிப்புக்குப் புதிதாகப் பணம் கட்டவேண்டாம்.